வேலியே பயிரை மேய்ந்த கதை

சப்பாத்திக் கள்ளியை அறியாதவர் நம்மில் இருக்க முடியாது. தட்டையான பச்சை மடல்கள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். மடல் முழுவதும் முள். மஞ்சள் நிறப் பூ. பூ உதிர்ந்தபின் கருஞ்சிவப்பான பழம். அந்தப் பழத்தைத் தின்று நாக்கும் உதடும் சிவந்த பிள்ளைகள் எல்லாக் கிராமங்களிலும் உண்டு. இன்று அச்செடி சாலையோரத்திலும் பழைய வேலிகளிலும் ஆங்காங்கே ஒதுங்கி நிற்கிறது. அதைக் கண்டு யாரும் அஞ்சுவதில்லை.

ஆனால் ஒரு நூற்றாண்டுக்கு முன்பு நிலைமை வேறு. தென்னாட்டின் வறண்ட பகுதிகளில் இச்செடி தோட்டத்தின் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. மேய்ச்சல் தரை, தரிசு நிலம், வீட்டுக் கொல்லை, ஊர்ப் பொது இடம் என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. மனிதன் நுழைய முடியாத அப்புதர்கள் பாம்புக்கும் எலிக்கும் பன்றிக்கும் இருப்பிடமாயின. பயிரைக் காக்க வைத்த வேலி பயிரிடும் நிலத்தையே விழுங்கத் தொடங்கியது.

அது எப்படி வந்தது? பிறகு எப்படி அடங்கியது? விடையைத் தேடிப் புறப்பட்டால் மெக்சிகோ, கல்கத்தா, சென்னை, இலங்கை, ஆஸ்திரேலியா, மடகாஸ்கர் என்று பாதி உலகைச் சுற்றிவர வேண்டியிருக்கிறது. இந்தக் கதையின் நாயகன் மிளகைவிடச் சிறிய ஒரு பூச்சி.

கள்ளி நம்முடையதா?

சங்கப் பாடல்களிலேயே கள்ளி வருகிறதே, பிறகு எப்படி அது வெளிநாட்டுச் செடியாகும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பாலை நிலத்துக் கள்ளியும் சப்பாத்திக் கள்ளியும் உறவினர் அல்ல. திருகுகள்ளி, சதுரக்கள்ளி முதலிய நம் நாட்டுக் கள்ளிகளைக் கீறினால் வெள்ளைப் பால் வடியும். அவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. சப்பாத்திக் கள்ளியின் மடலை ஒடித்தால் பால் வராது. வழவழப்பான நிறமற்ற சாறுதான் வரும். இது அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய வேறொரு குடும்பம்.

இரண்டும் வறட்சிக்கு ஒரே மாதிரியான விடையைக் கண்டுபிடித்திருக்கின்றன. இலையைக் குறைத்துத் தண்டில் நீரைச் சேமிப்பதுதான் அந்த விடை. சப்பாத்திக் கள்ளி பகலில் தன் தோலிலுள்ள நுண்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவின் குளிர்ச்சியில்தான் அவற்றைத் திறந்து கரியமில வாயுவை உள்ளே வாங்கி, ஒருவகை அமிலமாக மாற்றி வைத்துக்கொள்கிறது. மறுநாள் வெயிலில் துளைகளைத் திறக்காமலேயே ஒளிச்சேர்க்கையை நடத்துகிறது. வெப்பமும் காற்றும் மிகுந்த பகலில் நீர் ஆவியாவதும் மிகுதி. அந்த நேரத்தில் கதவைச் சாத்திவிடுவதால் இழப்பு மிகவும் குறைகிறது.

போதாததற்கு, ஒரு மடல் மண்ணில் விழுந்தால் அதுவே வேர்விட்டுத் தனிச்செடியாகிவிடும். வெட்டிப் போட்டவன் உண்மையில் நட்டவன் ஆகிறான். கணக்குக்காக, ஒரு செடி ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 ஆண்டுகளில் அது 1,024 செடிகளாகும். 20 ஆண்டுகளில் 10 லட்சத்தைத் தாண்டிவிடும். முதற் சில ஆண்டுகளில் எவரும் கவலைப்படாததற்கும், பிறகு எவராலும் தடுக்க முடியாமற் போனதற்கும் இந்தப் பெருக்கற் கணக்கே காரணம்.

சிவப்பின் மேல் வந்த ஆசை

ஸ்பானியர்கள் 16-ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவைப் பிடித்தபோது அங்கே ஓர் அரிய சிவப்புச் சாயத்தைக் கண்டார்கள். கள்ளி மடல்களில் ஒட்டி வாழும் கொச்சினீல் என்ற பூச்சியை உலர்த்திப் பொடி செய்தால் கிடைக்கும் சாயம் அது. பறவையும் எறும்பும் தன்னைத் தின்னாமலிருக்க அப்பூச்சி தன் உடலில் கார்மினிக் அமிலம் என்ற பொருளைச் சேர்த்து வைக்கிறது. அதுவே நமக்குச் சாயமாகிறது. ஒரு பவுண்டு சாயப்பொருளுக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும்.

ஐரோப்பா முழுவதும் இதற்கு ஏங்கியது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்பு மேலங்கிக்கும் இதுதான் சாயம். ஸ்பெயின் இந்த வணிகத்தைத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தது. உலர்ந்த பூச்சி பார்வைக்கு ஒரு தானியம் போல இருக்கும். அது விதையா, பூச்சியா என்று ஐரோப்பியர் நெடுங்காலம் வாதாடினார்கள். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டு லேவன்ஹூக் தம் நுண்நோக்கியின் மூலம் அது பூச்சியே என்று தெளிந்தார்.

ஸ்பெயினின் பிடியை உடைக்க வேண்டுமானால் இரண்டு பொருள்கள் தேவை: பூச்சி, அது வாழும் கள்ளி. இங்கேதான் சென்னை இந்தக் கதைக்குள் வருகிறது.

சைதாப்பேட்டைத் தோட்டம்

கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராகச் சென்னையில் பணியாற்றியவர் ஜேம்ஸ் ஆண்டர்சன். செடிகொடிகளில் பெரும் ஈடுபாடு கொண்டவர். 1786-ல் சென்னைக்கு அருகே புல்லில் ஒட்டியிருந்த ஒரு பூச்சியைக் கண்டு, கொச்சினீல் நம் மண்ணிலேயே இருக்கிறது என்று மகிழ்ந்து, லண்டனிலிருந்த புகழ்பெற்ற தாவரவியல் ஆர்வலர் ஜோசப் பேங்க்ஸுக்கு எழுதினார். அது உண்மையான சாயப் பூச்சி அன்று என்பது பின்னர்த் தெரிந்தது. ஆண்டர்சன் மனம் தளரவில்லை. பூச்சி வரும்போது அதற்கு உணவு வேண்டுமே என்று சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டமே அமைத்தார். பல இடங்களிலிருந்து கள்ளிகளை வரவழைத்து வளர்த்து, பிற ஊர்களுக்கும் அனுப்பினார்.

அதற்கு முன்பே சில கள்ளி வகைகள் வேலிச் செடியாக நம் நாட்டுக்குள் வந்துவிட்டிருந்தன. ஆடுமாடு தாண்டாது, திருடன் நுழையான், நீர் ஊற்ற வேண்டியதில்லை. ஏழை விவசாயிக்கு இதைவிட மலிவான மதில் ஏது?

தப்பான பூச்சி

1795-ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலின் ரியோ டி ஜனைரோ துறைமுகத்திலிருந்து கொச்சினீல் பூச்சிகளைக் கல்கத்தாவிற்குக் கொண்டுவந்தார். கம்பெனியாரின் கனவு நனவாயிற்று என்றே எல்லாரும் எண்ணினர். ஆனால் வந்தது மெக்சிகோவில் பேணி வளர்க்கப்பட்ட சாயப் பூச்சி அன்று. அதன் காட்டு உறவினன். உடல் சிறியது, மேலே பஞ்சு போன்ற மெழுகுப் போர்வை மிகுதி, சாயமோ குறைவு. வணிகத்தில் அது வெற்றி பெறவில்லை.

ஆனால் வேறொன்று நடந்தது. இந்தப் பூச்சி வேலிகளில் இருந்த ஒருவகைக் கள்ளியை விரும்பி உறிஞ்சி அழிக்கத் தொடங்கியது. அந்தக் கள்ளியின் தாயகமும் தென் அமெரிக்காவே. தாயகத்து எதிரி கடல் கடந்து வந்து தன் பழைய இரையைக் கண்டுகொண்டது என்று சொல்லலாம். வட இந்தியாவில் அவ்வகைக் கள்ளி அழிவதைப் பார்த்தவர்கள், 1836-க்கும் 1838-க்கும் இடையில் இதே பூச்சியைத் தென்னிந்தியாவிற்குக் கொண்டுவந்தார்கள். இம்முறை சாயத்துக்காக அன்று, கள்ளியை அழிப்பதற்காகவே. ஒரு களையை ஒழிக்க ஒரு பூச்சியை வேண்டுமென்றே ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு சென்றதில் உலகின் முதல் வெற்றியாக இதைக் குறிப்பிடுவார்கள். உயிரியல் முறைக் கட்டுப்பாடு என்று இன்று கல்லூரிகளில் பாடமாக இருக்கும் துறைக்கு நம் ஊர் வேலியே முதல் ஆய்வுக்கூடமாக இருந்திருக்கிறது.

1860-களில் பூச்சி இலங்கைக்கும் சென்றது. அங்கிருந்து சேகரித்த பூச்சிக்கு 1896-ல் விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது சிலோனிக்கஸ், அதாவது இலங்கையைச் சேர்ந்தது, என்றே பெயரிட்டார்கள். தென் அமெரிக்காவில் பிறந்த பூச்சி இன்றும் இலங்கைப் பெயரையே சுமந்துகொண்டிருக்கிறது!

ஒரு பெயர், பல செடிகள்

அப்படியானால் சிக்கல் அன்றே தீர்ந்திருக்க வேண்டும் அல்லவா? தீரவில்லை. சப்பாத்திக் கள்ளி என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது ஒரே செடி அன்று. பல இனங்கள் அப்பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. வந்த பூச்சி அவற்றுள் ஒன்றை மட்டுமே அழிக்கும். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிலங்களை அடைத்துக்கொண்ட மற்றோர் இனத்தின் மேல் அதைக் கொண்டுபோய் வைத்தால் பட்டினி கிடந்து சாகும்.

நம் கண்ணுக்கு இரண்டும் கள்ளி. பூச்சிக்கு ஒன்று உணவு, மற்றது வெறும் மரக்கட்டை. பூட்டுக்கும் சாவிக்கும் உள்ள உறவு இது. சாவி தவறென்று தெரியாமல் எத்தனை முறை திருகினாலும் பூட்டு திறக்காது. சரியான சாவி கிடைக்க ஏறத்தாழ 90 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. அது கிடைத்ததும் ஆஸ்திரேலியாவின் வழியாகத்தான்.

தொட்டிச் செடி செய்த கொடுமை

1788-ல் ஆஸ்திரேலியாவில் முதற் குடியேற்றத்தை அமைத்த ஆர்தர் பிலிப், வரும் வழியில் ரியோவில் கள்ளியையும் பூச்சியையும் ஏற்றிக்கொண்டே வந்தார். அங்கும் ஆசை சிவப்புச் சாயத்தின் மேல்தான். ஆனால் அந்த நாட்டைப் பெரிதும் வாட்டியது பின்னால் வந்த வேறோர் இனம். அது 1839-ல் நியூ சவுத் வேல்ஸுக்கு ஒரு தொட்டிச் செடியாக வந்தது. பண்ணை வீட்டார் அதை வாங்கி வீட்டுக்கு வேலியாக நட்டனர். 1920-களில் அது பரவியிருந்த நிலம் ஏறத்தாழ 2.4 கோடி ஹெக்டேர். தமிழ்நாட்டின் பரப்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு! வீட்டையும் நிலத்தையும் விட்டுவிட்டு வெளியேறிய குடும்பங்கள் பல.

வெட்டினார்கள், எரித்தார்கள், ஆர்செனிக் நஞ்சைத் தெளித்தார்கள். பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன என்று ஈமுவையும் காக்கையையும் கொல்வோருக்குப் பரிசுப் பணம் அறிவித்தார்கள். ஆயிரக்கணக்கான பறவைகள் இறந்தன, கள்ளி இறக்கவில்லை. செடியை நட்டவன் மனிதன், தண்டனை பறவைக்கு.

கடைசியில் அவர்கள் கள்ளியின் எதிரிகளைத் தேடி நாடு நாடாக ஆட்களை அனுப்பினர். 1912-ல் புறப்பட்ட குழு இந்தியாவிற்கும் இலங்கைக்கும் வந்தது. நம்மிடமிருந்த சிலோனிக்கஸ் பூச்சி அங்கே சென்று, அது உண்ணும் கள்ளி இனத்தை ஒடுக்கியது. பிலிப் கொண்டுவந்ததும் அந்த இனமே. பெரிய எதிரிக்கு வேறு ஆள் தேவைப்பட்டது. 1925-ல் அர்ஜென்டினாவிலிருந்து ஒரு அந்துப்பூச்சியின் முட்டைகளைக் கொண்டுவந்து பெருக்கி வெளியிட்டனர். அதன் புழுக்கள் மடலைக் குடைந்து உள்ளேயே தின்றன. பத்தாண்டுகளுக்குள் கள்ளிக் காடுகள் அழுகிச் சாய்ந்தன. பூனார்கா என்ற சிற்றூரில் 1936-ல் கட்டி முடித்த ஊர்மன்றத்துக்கு மக்கள் அந்த அந்துப்பூச்சியின் பெயரையே வைத்தார்கள்.

1926-ல் வந்த விருந்தாளி

இந்தத் தேடலின்போது அமெரிக்க ஐக்கிய நாடுகளிலிருந்து வேறொரு கொச்சினீல் இனத்தையும் ஆஸ்திரேலியர் கொண்டுவந்திருந்தனர். அது 1924-ல் இலங்கைக்கும் அங்கிருந்து 1926-ல் தென்னிந்தியாவிற்கும் வந்தது. நாம் ஒரு பூச்சியைக் கொடுத்தோம். ஒரு பூச்சியைப் பெற்றோம். இம்முறை சாவி பொருந்தியது. ஐந்தாறு ஆண்டுகளில் தென்னாட்டின் பெரும் புதர்கள் மஞ்சளித்துச் சரிந்தன.

எப்படி இவ்வளவு விரைவு? பெண் பூச்சிக்கு இறக்கை இல்லை. ஒருமுறை மடலில் மூக்கை ஊன்றினால் ஆயுள் முழுதும் அதே இடம்தான். ஆனால் முட்டையிலிருந்து வந்த குஞ்சு மிக நுண்ணியது. உடலில் நீண்ட மெழுகு இழைகளை வளர்த்துக்கொள்கிறது. எடை மிகக் குறைவு, இழைகளால் காற்றில் படும் பரப்போ மிகுதி. எனவே எருக்கம் பஞ்சு மிதப்பது போல அது காற்றில் மிதந்து அடுத்த புதரை அடைகிறது. மனிதர் செய்ய வேண்டியதெல்லாம் பூச்சி பிடித்த ஒரு மடலைக் கொண்டுபோய்ப் புதிய புதரின் மேல் வைப்பதுதான்.

கள்ளி முழுவதும் அழிந்துவிட்டதா என்றால் இல்லை. இயற்பியல் கற்பிக்கும் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. மின்சார இஸ்திரிப் பெட்டியில் வெப்பம் ஏறினால் மின்னோட்டம் தானே நிற்கும். ஆறினால் மறுபடி ஓடும். கள்ளியும் பூச்சியும் அப்படித்தான். கள்ளி மிகுந்தால் பூச்சி பெருகும். கள்ளி குறைந்தால் உணவின்றிப் பூச்சியும் குறையும். எஞ்சிய கள்ளி மெல்லத் தலைதூக்கும். காற்றில் மிதந்து பூச்சியும் வந்து சேரும். ஒன்று மற்றதை முற்றிலும் அழிக்காது, ஓங்கவும் விடாது. இன்று சாலையோரத்தில் கள்ளி ஒதுங்கி நிற்பது இந்தச் சமநிலையால்தான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். அடுத்த முறை சப்பாத்திக் கள்ளியைக் காணும்போது மடல்களில் வெள்ளைப் பஞ்சுத் துணுக்குகள் ஒட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், ஒரு குச்சியால் அதைச் சுரண்டி வெள்ளைத் தாளில் வைத்து நசுக்குங்கள். கருஞ்சிவப்புச் சாயம் வழியும். மெக்சிகோவுக்காக ஐரோப்பா ஏங்கியது இந்தச் சிவப்புக்காகத்தான். சிறிது நீரில் கரைத்து எலுமிச்சைச் சாறு விட்டால் நிறம் ஆரஞ்சு நிறத்தை நோக்கி நகரும். சலவைச் சோடா கலந்தால் ஊதாவை நோக்கி நகரும். பெரிய முள்ளைவிட அதன் அடியிலுள்ள மயிர் போன்ற சிறு முட்களே பொல்லாதவை. கையால் தொட வேண்டாம்.

மடகாஸ்கரின் கண்ணீர்

கதை இத்துடன் முடிந்தால் பூச்சிக்கு மாலை போட்டுவிட்டு எழுந்துவிடலாம். ஆனால் நமக்கு விடிவு வந்த அதே ஆண்டுகளில் மற்றோர் இடத்தில் நடந்ததையும் நாம் கேட்க வேண்டும்.

மடகாஸ்கர் தீவின் தெற்கே மிகவும் வறண்ட நிலப்பகுதி ஒன்று உண்டு. அங்கே 1769-ல் பிரெஞ்சுக்காரர் தங்கள் கோட்டைக்கு வேலியாகக் கள்ளியை நட்டனர். அது மெல்லத் தெற்கு முழுவதும் பரவியது. அங்கு வாழ்ந்த தாண்ட்ராய் என்ற மாடு மேய்க்கும் மக்கள் அதைத் தங்கள் வாழ்வின் பகுதியாக்கிக்கொண்டனர். முட்களைத் தீயில் பொசுக்கிவிட்டால் மடல் மாட்டுக்குத் தீவனமும் தண்ணீரும் ஆகும். பழம் மனிதருக்கு உணவு. ஊருக்கும் பட்டிக்கும் அதுவே மதில். வறட்சிக் காலங்களில் நம் நாட்டிலும் முள்ளைப் பொசுக்கி மாடுகளுக்குப் போட்டதுண்டு. ஆனால் நமக்கு அது ஆபத்துக்கால உணவு. அவர்களுக்கு அதுவே வாழ்வு.

1924-ல் பிரெஞ்சு ஆட்சியில் கொச்சினீல் பூச்சி அத்தீவில் விடப்பட்டது. சில ஆண்டுகளில் அது தெற்கே எட்டியது. 1929-க்குள் கள்ளிக் காடுகள் அழிந்தன. அடுத்து வந்த வறட்சியில் மாடுகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. 1930-ல் தொடங்கிய பஞ்சத்தில் மக்கள் மாண்டார்கள். எஞ்சியவர் பலர் பிழைப்பைத் தேடி ஊரைவிட்டுப் போனார்கள்.

தென்னிந்தியாவில் களையை ஒடுக்கிய அதே குலத்துப் பூச்சி அங்கே ஒரு மக்களின் சோற்றுப் பானையைக் கவிழ்த்தது. பூச்சி இரண்டு இடத்திலும் ஒரே வேலையைத்தான் செய்தது. நிலத்தில் வாழ்ந்தவரைக் கேட்டார்களா என்பதில்தான் வேறுபாடு. ஆஸ்திரேலியர் கொண்டாடிய அந்துப்பூச்சியின் பின்கதையும் இத்தகையதே. 1957-ல் அது கரீபியத் தீவுகளில் விடப்பட்டது. 1989-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் காணப்பட்டது. அங்கே அது தாக்குவது அந்த மண்ணிலேயே தோன்றிய கள்ளிகளை.

நம் வீட்டு வேலிக்கு

இதெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. உண்ணிச்செடி அழகுச் செடியாக 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தோட்டத்துக்கு வந்தது. இன்று மலைக்காடுகளை அடைத்து நிற்கிறது. சீமைக் கருவேலத்தின் விதைகள் விறகுக்காக 1877-ல் சென்னை மாகாணத்துக்கு வரவழைக்கப்பட்டன. இன்று கண்மாய்களுக்குள் அது நிற்பதை நாம் அறிவோம். நெய்வேலிக் காட்டாமணக்கும் வேலியாக நடப்பட்டு வாய்க்காலில் இறங்கியதே. வந்த வழி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: அழகு, வேலி, விறகு, பயன்.

ஆகவே உங்கள் வீட்டைச் சுற்றிய சிறு நிலத்துக்கும் இந்த வரலாறு சில பாடங்களைச் சொல்கிறது. முதலாவது, வேலியிலோ மாடித் தொட்டியிலோ ஒரு புதுச் செடியை வைக்கும் முன் அதன் சரியான பெயரையும் தாயகத்தையும் கேட்டறியுங்கள். ஊர்ப் பெயர் போதாது. ஒரே பெயருக்குள் பல செடிகள் மறைந்திருந்ததால் 90 ஆண்டுகள் வீணாயின என்பதை மறக்க வேண்டாம். நீரின்றி வளரும், ஆடு கடிக்காது, வெட்டினாலும் துளிர்க்கும் என்று நர்சரிக்காரர் புகழும்போதே சற்று நிதானியுங்கள். களைக்கு உரிய இலக்கணமும் அதுவே.

இரண்டாவது, வேண்டாத கள்ளியைக் களையும்போது மடல்களை வெட்டித் தெருவிலோ வாய்க்காலிலோ எறியாதீர்கள். மண்ணில் படாமல் சிமெண்டுத் தளத்தில் நன்றாகச் சுருங்கும்வரை உலர்த்தி, பிறகு ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். ஒரே நாளில் முடிந்தது என்று விட்டுவிடாமல் அடுத்த மழைக்குப் பிறகு அதே இடத்தைப் பாருங்கள். இரண்டு செடியாக இருக்கும்போது பிடுங்குவது ஐந்து நிமிட வேலை.

மூன்றாவது, பழம் தின்ன வரும் பறவையின் மேலோ, புதரில் ஒண்டும் அணிலின் மேலோ பழி போடாதீர்கள். விதையை அவை சுமப்பது உண்மையே. ஆனால் சுமக்க விதையைக் கொடுத்தவர்கள் நாம். பழம் பழுக்கும் முன்பே அதைப் பறித்துவிட்டால் பறவையோடு பகை வேண்டியதில்லை.

நான்காவது, களையைத் தின்னும் பூச்சி, மீன், நத்தை என்று யாரேனும் எதையாவது கொடுத்தால் தாமே கொண்டுவந்து விடக்கூடாது. இன்று ஒரு வெளிநாட்டுப் பூச்சியை நம் நாட்டில் வெளியிட வேண்டுமானால் அரசின் அனுமதி வேண்டும். அது வேறெந்தப் பயிரையும் தொடாது என்று அடைப்புக்குள் வைத்துச் சோதித்துக் காட்ட வேண்டும். நீல்சன் காலத்தில் இல்லாத இந்தக் காவல், பல நாடுகளின் அனுபவத்தால் நமக்குக் கிடைத்தது.

சைதாப்பேட்டைத் தோட்டம் மறைந்துவிட்டது. கொச்சினீல் வணிகத்தையும் 19-ஆம் நூற்றாண்டில் வந்த செயற்கைச் சாயங்கள் பெருமளவு விழுங்கிவிட்டன. சிவப்புக்காகவும் வேலிக்காகவும் வந்த செடியும் பூச்சியும் மட்டும் நம் சாலையோரத்தில் இன்னும் ஒன்றையொன்று பிடித்தபடி வாழ்கின்றன. அழைத்து வந்தவர்கள் போய்விட்டார்கள், அழைக்கப்பட்டவை போகவில்லை. உங்கள் வாசலுக்கு அடுத்து எதை அழைக்கப் போகிறீர்கள் என்பதைச் செடி வாங்கும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.